கர்ப்பிணிக்கு வரும் ரத்தக் கொதிப்பு: மூன்று உப்புகளின் கதை!

தலைப் பிரசவம். எட்டாவது மாதம். வளைகாப்பு முடிந்து பெண் தாய் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது.

"அம்மா, தலை வலிக்குது" என்றாள் பெண்.

"வெயிலா இருக்கும் கண்ணு. தைலம் தேய்ச்சுக்கிட்டுப் படு" என்றாள் தாய்.

மறுநாள் முகமும் கையும் வீங்கி இருந்தன. வளையல் இறுகியது. பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்தாள். "பிள்ளைத்தாச்சி முகம் பூரிச்சிருக்கு" என்று திருஷ்டி கழித்தாள்.

அன்று மாலை மேல் வயிற்றில் வலி. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். கண் முன் பூச்சி பறப்பதுபோல இருக்கிறது என்றாள் பெண். "சரியாகத் தூங்கி இருக்க மாட்டே" என்றார்கள்.

நள்ளிரவு. பெண்ணின் கை, கால்கள் வெட்டி இழுத்தன. கண்கள் மேலே செருகின. "ஐயோ, ஜன்னி!" என்று வீடே அலறியது. ஒருவர் ஓடிப்போய்ச் சாவிக் கொத்தைக் கொண்டு வந்து அவள் கையில் திணித்தார்.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடந்த கதை. வந்தது ஜன்னியும் அல்ல, பேயும் அல்ல. கர்ப்ப காலத்தில் வரும் ரத்தக் கொதிப்பு முற்றி, வலிப்பாக மாறி இருக்கிறது.

அந்தப் பெண் நான்கு தடவை அபாய அறிவிப்புக் கொடுத்தாள். தலைவலி ஒன்று. வீக்கம் இரண்டு. மேல் வயிற்று வலி மூன்று. கண் மங்கல் நான்கு. யாருக்கும் புரியவில்லை!

சத்தம் இல்லாமல் வரும் நோய்

இந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் "பிரீ-எக்லாம்ப்சியா." வலிப்பு வந்துவிட்டால் "எக்லாம்ப்சியா." இது கிரேக்கச் சொல். திடீரென்று மின்னுவது என்று பொருள். மின்னல் வெட்டுவதுபோல வருவதால் அந்தப் பெயர்.

உலகத்தில் 100 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டால், 2 முதல் 8 பேர் வரை இந்த நோய்க்கு ஆளாகிறார்கள். ஐந்தாவது மாதம் முடிந்த பிறகுதான் பெரும்பாலும் இது தலை காட்டும்.

ரத்த அழுத்தம் 120-க்கு 80 என்ற அளவில் இருப்பது நல்லது. கர்ப்பிணிக்கு அது 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் போனால் கொதிப்பு என்று பொருள். 160-க்கு 110 என்றால் பெரிய ஆபத்து. ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. ஆரம்பத்தில் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. பெண் நன்றாகச் சாப்பிடுவாள். நன்றாகத் தூங்குவாள். வேலை எல்லாம் செய்வாள். உள்ளே கொதிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். கையில் பட்டை சுற்றி அளந்து பார்த்தால்தான் தெரியும்.

மடை திறக்காத வயல்

இந்த நோய் எங்கே தொடங்குகிறது?

குழந்தைக்கு உணவு ஊட்டும் நஞ்சுக்கொடியில்தான்!

கரு தங்கிய முதல் மாதங்களில் நஞ்சுக்கொடி தாயின் கருப்பைக்குள் வேர் விடுகிறது. அங்குள்ள ரத்தக் குழாய்கள் குறுகலானவை. வயலுக்குத் தண்ணீர் பாய மடையை அகலப்படுத்துவதுபோல, இந்தக் குழாய்கள் அகலமாக வேண்டும். அப்போதுதான் குழந்தைக்கு வேண்டிய ரத்தம் தாராளமாகப் பாயும்.

சில பெண்களுக்கு இந்த மடை சரியாகத் திறப்பது இல்லை. நஞ்சுக்கொடி ரத்தம் போதாமல் வாடுகிறது. வாடிய நஞ்சுக்கொடியில் இருந்து சில பொருள்கள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அவை உடம்பு முழுவதும் உள்ள ரத்தக் குழாய்களின் உட்புறத்தைக் கெடுக்கின்றன. குழாய்கள் இறுகுகின்றன. கொதிப்பு ஏறுகிறது.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் சிறுநீரில் புரதம் ஒழுகும். கல்லீரல் பாதிக்கப்பட்டால் மேல் வயிறு வலிக்கும். மூளை பாதிக்கப்பட்டால் தலைவலி, கண் மங்கல், கடைசியில் வலிப்பு. வயிற்றில் உள்ள குழந்தையோ வளர்ச்சி குன்றும்.

குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தால்தான் நோயின் வேர் அறுபடும். எப்போது பிரசவம் பார்ப்பது என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை. அதுவரை தாயையும் குழந்தையையும் காப்பாற்ற வேண்டும்.

இந்தப் போராட்டத்தில் மூன்று உப்புகளுக்குப் பங்கு இருக்கிறது. ஒன்று, பழி சுமந்த உப்பு. இன்னொன்று, முன்னே நின்று காக்கும் உப்பு. மூன்றாவது, உயிர் போகும் நேரத்தில் கை கொடுக்கும் உப்பு!

முதல் உப்பு: சோற்று உப்பு

சிறுநீரைச் சோதித்துவிட்டு, "உப்பு இருக்கிறது" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். கால் வீங்கினாலும் "உப்பு நீர்" என்கிறோம்.

இதைக் கேட்ட வீட்டார் என்ன செய்கிறார்கள்? பெண்ணின் சோற்றில் உப்பை நிறுத்திவிடுகிறார்கள். பத்தியம் வைக்கிறார்கள். தண்ணீரைக்கூடக் குறைக்கிறார்கள்.

சிறுநீரில் காணப்படும் அந்த "உப்பு", உப்பே அல்ல. அது புரதம். பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் உள்ள சத்துதான். உடம்பில் தங்க வேண்டிய அந்தச் சத்து, சிறுநீரகம் பழுதானதால் வெளியே ஒழுகுகிறது. பெயரில் வந்த குழப்பத்தால் சோற்று உப்பு பழி சுமக்கிறது!

உப்பை அறவே குறைத்தால் பிரீ-எக்லாம்ப்சியா வராமல் தடுக்கலாம் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நினைத்தார்கள். சோதித்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை. இந்த நோயைத் தடுப்பதற்காக உப்பைக் குறைக்க வேண்டாம் என்று 2011-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

அதற்காக ஊறுகாயையும் அப்பளத்தையும் அள்ளிச் சாப்பிடலாம் என்று அர்த்தம் அல்ல. அளவான உப்பு எல்லாருக்கும் நல்லது. கர்ப்பத்துக்கு முன்பே கொதிப்போ, சிறுநீரக நோயோ இருந்தால் டாக்டர் சொன்னபடி நடக்க வேண்டும். மற்றவர்கள் வாய்க்கு ருசி இல்லாமல் சாப்பிட்டு, பாதிச் சோற்றைத் தட்டில் விட்டு எழுந்திருக்க வேண்டியது இல்லை.

இரண்டாவது உப்பு: சுண்ணாம்புச் சத்து

இந்தக் கதை மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா என்ற சின்ன நாட்டில் தொடங்குகிறது.

அங்கே மாயா இனத்து மக்கள் மலைக் கிராமங்களில் வாழ்கிறார்கள். ஏழை மக்கள். பால், இறைச்சி எல்லாம் அவர்களுக்கு அரிது. ஏழை நாடுகளில்தான் பிரசவ வலிப்பு அதிகம் என்பது டாக்டர்கள் கண்ட அனுபவம். ஆனால், இந்த மாயாப் பெண்களுக்கு வலிப்பு அபூர்வமாகவே வந்தது. ஏன்?

ஜோஸ் பெலிசான், ஜோஸ் வில்லார் என்ற இரண்டு டாக்டர்கள் இதை ஆராய்ந்தார்கள். இருவரும் அர்ஜென்டினா நாட்டுக்காரர்கள். விடை அடுப்படியில் இருந்தது!

மாயாப் பெண்கள் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பது இல்லை. சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேக வைத்து ஊறப் போடுகிறார்கள். தோல் கழன்று வரும். பிறகு நன்றாகக் கழுவி, கல்லில் அரைத்து, ரொட்டியாகத் தட்டிச் சுடுகிறார்கள். மூன்று வேளையும் அந்த ரொட்டிதான் உணவு. தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அந்த ரொட்டி வழியாக அவர்கள் உடம்பில் நிறையச் சுண்ணாம்புச் சத்து சேருகிறது. இதைத்தான் டாக்டர்கள் "கால்சியம்" என்கிறார்கள்.

சுண்ணாம்புச் சத்து குறைவதற்கும் கர்ப்பிணியின் கொதிப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அந்த இருவரும் 1980-ம் ஆண்டில் எழுதினார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம் இது: நம் கழுத்தில் நெல்மணி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் இவை விழித்துக்கொண்டு ஒரு நீரைச் சுரக்கும். அதனால் எலும்பில் உள்ள சுண்ணாம்பு கரைந்து ரத்தத்துக்கு வரும். ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தசைகளுக்குள்ளும் சுண்ணாம்பு புகும். தசை இறுகும். குழாய் குறுகும். கொதிப்பு ஏறும். போதிய சுண்ணாம்புச் சத்து சாப்பிட்டால் இந்தத் தொல்லை குறைகிறது.

பலித்ததா?

கருத்துச் சொன்னால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா?

பெலிசான் குழுவினர் அர்ஜென்டினாவில் 1,194 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் அது தலைப் பிரசவம். ஒரு பிரிவுக்குத் தினமும் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. மற்றப் பிரிவுக்குச் சத்து இல்லாத வெறும் மாத்திரை. 1991-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 14.8 பேருக்குக் கொதிப்பு வந்தது. சத்து மாத்திரை சாப்பிட்டவர்களில் 9.8 பேருக்குத்தான் வந்தது.

உடனே அமெரிக்கா விழித்தது. அங்கே 4,589 பெண்களிடம் பெரிய சோதனை நடந்தது. 1997-ம் ஆண்டில் முடிவு வந்தபோது ஏமாற்றம்! ஒரு பிரிவில் 100-க்கு 6.9 பேர், மறு பிரிவில் 7.3 பேர். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

ஏன் இப்படி? சோதனைக்கு வந்த அமெரிக்கப் பெண்கள் ஏற்கனவே பாலும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டு வந்தார்கள். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றினால் வழியத்தானே செய்யும்?

எனவே, குடம் காலியாக இருக்கும் நாடுகளுக்கு ஆராய்ச்சி திரும்பியது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட 6 நாடுகளில் 8,325 பெண்களிடம் சோதனை நடத்தியது. 2006-ம் ஆண்டில் அதன் முடிவு வந்தது. நோய் வந்தவர்களின் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. ஆனால் நோயின் கொடுமை குறைந்தது. சுண்ணாம்புச் சத்து சாப்பிட்டவர்களுக்கு வலிப்பும், மிகக் கடுமையான கொதிப்பும் குறைவாகவே வந்தன.

இதில் இருந்து என்ன தெரிகிறது? சுண்ணாம்புச் சத்து மந்திரக்கோல் அல்ல. அதைச் சாப்பிட்டாலும் சிலருக்கு நோய் வரத்தான் செய்யும். ஆனால், சாப்பாட்டில் அந்தச் சத்து குறைவாக உள்ள பெண்களுக்கு அது ஒரு கேடயம். வெட்டு விழுந்தாலும் ஆழமாக விழாது.

பெங்களூர் சொன்ன செய்தி

நம் நாட்டில் 2014-ம் ஆண்டு முதல் கர்ப்பிணிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுக்க மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. நான்காவது மாதம் தொடங்கி, தினம் இரண்டு மாத்திரை. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் சத்து. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் தொடர வேண்டும்.

உலக சுகாதார நிறுவனமோ, இந்தச் சத்து குறைந்த நாடுகளில் தினம் 1,500 முதல் 2,000 மில்லிகிராம் வரை கொடுக்கச் சொல்லி இருந்தது. அவ்வளவு வேண்டுமா? அத்தனை மாத்திரையையும் பெண்கள் ஒழுங்காக விழுங்குவார்களா?

இதைக் கண்டறியப் பெங்களூரில் 11,000 பெண்களிடமும், ஆப்பிரிக்காவில் டான்சானியா நாட்டில் 11,000 பெண்களிடமும் சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு 500 மில்லிகிராம். பாதிப் பேருக்கு 1,500 மில்லிகிராம். 2024-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. பெங்களூரில் குறைந்த அளவு சாப்பிட்டவர்களில் 100-க்கு 3 பேருக்கும், அதிக அளவு சாப்பிட்டவர்களில் 3.6 பேருக்கும் நோய் வந்தது. நோயைத் தடுப்பதில் சிறிய அளவு பெரிய அளவுக்குச் சளைத்தது அல்ல!

"அப்படியானால் நானே பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்காதீர்கள். எத்தனை மாத்திரை என்பதை டாக்டரும் நர்சும் சொல்வார்கள். இந்தச் செய்தியில் நமக்கு உள்ள பாடம் வேறு. பரண் மேல் கிடக்கும் நாலு பாட்டில் மாத்திரையைவிட, தவறாமல் வயிற்றுக்குள் போகும் ஒரு மாத்திரை மேல்!

எப்படிச் சாப்பிடுவது?

சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டாம். காலையில் பலகாரத்துக்குப் பிறகு ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இரும்புச் சத்து மாத்திரையை இதனுடன் சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டும் சண்டைக்காரர்கள். சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் இரும்பு உடம்பில் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டால் சண்டை இல்லை.

காபி, டீயுடன் எந்த மாத்திரையும் வேண்டாம். தண்ணீர் போதும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை அட்டையில் 1,250 என்று போட்டிருந்தால் பயப்படாதீர்கள். அது சுண்ணாம்பு உப்பின் எடை. அதில் உள்ள சத்து 500 மில்லிகிராம்தான்.

வெற்றிலைச் சுண்ணாம்பு போதாதா?

"மாயாப் பெண்களுக்குச் சுண்ணாம்பு நல்லது செய்தது என்றால், நாங்கள் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு என்ன குறைந்தது?" என்று கேட்கும் பாட்டிகள் இருப்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால், மாயாப் பெண்கள் சுண்ணாம்பைத் தின்பது இல்லை. சோளத்தை அதில் ஊற வைத்துக் கழுவிவிடுகிறார்கள். நேரடியாகத் தின்றால் சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும். அளவுக்கு மீறினால் ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்ந்தால் வயிற்றுப் பிள்ளைக்கே கேடு. எனவே அந்த வழி வேண்டாம்.

நம் அடுப்படியிலேயே நல்ல வழி இருக்கிறது. கர்ப்பிணிக்கு நாள் ஒன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. அதே எடை அரிசியில் 10 மில்லிகிராம்தான்! அரிசிச் சோறு வந்து கேழ்வரகுக் களியை விரட்டியபோது, நம் பெண்கள் எலும்பில் இருந்த சுண்ணாம்பையும் சேர்த்து இழந்தார்கள்.

200 மில்லி பாலில் சுமார் 240 மில்லிகிராம் கிடைக்கும். தயிரும் மோரும் நல்லவை. முருங்கைக் கீரை நல்லது. மீன் சாப்பிடுகிறவர்கள் நெத்திலியை முள்ளோடு மென்று தின்னலாம். முள்ளில்தான் சுண்ணாம்பு இருக்கிறது.

காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் கீரையும் மோரும், இரவில் ஒரு தம்ளர் பால். பணக்காரச் சாப்பாடு அல்ல இது. மாத்திரையோடு இந்தச் சாப்பாடும் சேர்ந்தால் குடம் நிறையும்.

துத்தநாகம், செலீனியம் என்று வேறு சில தாதுச் சத்துகளையும், சி, ஈ வைட்டமின்களையும் ஆராய்ந்தார்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கிடைத்த ஆதாரம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. விலை உயர்ந்த டப்பாக்களை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

மூன்றாவது உப்பு: பேதி உப்பு!

ஆச்சரியமாக இருக்கிறதா? வயிற்றைச் சுத்தம் செய்ய அந்தக் காலத்தில் தாத்தாக்கள் குடித்த அதே பேதி உப்புதான்.

இங்கிலாந்தில் எப்சம் என்று ஓர் ஊர். 1618-ம் ஆண்டில் அங்கே ஒரு குட்டைத் தண்ணீரை மாடுகள் குடிக்க மறுத்தனவாம். குடித்துப் பார்த்தால் ஒரே கசப்பு. அந்தத் தண்ணீரில் இருந்து எடுத்த உப்புதான் எப்சம் உப்பு. அதன் மருத்துவப் பெயர் மக்னீசியம் சல்பேட்.

இதைச் சுத்தம் செய்து ஊசி மருந்தாகப் போட்டால், கர்ப்பிணியின் வலிப்பு அடங்குகிறது என்று டாக்டர்கள் கண்டார்கள். அமெரிக்காவில் டாக்டர் ஜாக் பிரிட்சார்ட் என்பவர் இதை எந்த அளவில், எப்படிப் போடுவது என்று முறை வகுத்து 1955-ம் ஆண்டில் எழுதினார். ஆனால், விலை மலிந்த இந்த உப்பைப் பல டாக்டர்கள் நம்பவில்லை. வேறு மருந்துகளையே பயன்படுத்தி வந்தார்கள்.

1995-ம் ஆண்டில் வழக்குத் தீர்ந்தது. இந்தியா உள்பட பல நாடுகளில், வலிப்பு வந்த 1,687 பெண்களிடம் மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டயஜிபாம் என்ற மருந்தைவிட, மறு வலிப்பைப் பாதிக்கு மேல் குறைத்தது மக்னீசியம்! பெனிடாயின் என்ற மருந்தைவிட மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது.

வலிப்பு வந்த பிறகு கொடுப்பது இருக்கட்டும். வருவதற்கு முன்பே கொடுத்தால்? அதையும் 33 நாடுகளில், 10,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். 2002-ம் ஆண்டில் முடிவு வந்தது. மக்னீசியம் பெற்றவர்களில் 40 பேருக்கு வலிப்பு. பெறாதவர்களில் 96 பேருக்கு வலிப்பு. பாதிக்கும் கீழ்!

இன்று உலகம் முழுவதும் இந்த ஊசிதான் முதல் மருந்து.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இது ஆஸ்பத்திரியில் போடும் ஊசி. வீட்டில் பேதி உப்பைக் கரைத்துக் குடித்தால் வலிப்பு நிற்காது. பேதிதான் ஆகும். கர்ப்பிணிக்கு அது பெரிய கேடு. ஊசி மருந்தும் அளவு மிஞ்சினால் மூச்சையே நிறுத்திவிடும். அதனால்தான் நர்சு அடிக்கடி வந்து முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார். மூச்சை எண்ணுகிறார். சிறுநீரை அளக்கிறார். அவர் வீணாகத் தொல்லை கொடுக்கிறார் என்று கோபப்படாதீர்கள்.

மக்னீசியம் அதிகமாகிவிட்டால் அதற்கு மாற்று மருந்து என்ன தெரியுமா? சுண்ணாம்புச் சத்து ஊசி! முன்னே நின்று காக்கும் உப்பே, பின்னேயும் வந்து காக்கிறது.

யார் உஷாராக இருக்க வேண்டும்?

தலைப் பிரசவக்காரர்கள். முந்தைய பிரசவத்தில் கொதிப்பு வந்தவர்கள். இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், பழைய கொதிப்பு உள்ளவர்கள். உடல் பருத்தவர்கள். வயது 35-க்கு மேல் ஆனவர்கள். தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இந்த நோய் வந்திருந்தால் அவர்களும்.

இவர்கள் மூன்றாவது மாதத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குச் சிறிய அளவு ஆஸ்பிரின் மாத்திரையை டாக்டர்கள் கொடுப்பது உண்டு. அதைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

மற்றவர்களுக்கும் இந்த நோய் வரலாம். ஆகையால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் இரண்டு சோதனை கட்டாயம். கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம். சிறு குப்பியில் சிறுநீர். செலவு இல்லை. வலி இல்லை. ஐந்து நிமிட வேலை. "எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டு, அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டுக்கு மறுபடியும் போவோம்

பெண் தலைவலி என்றதும், தாய் தைலத்தை எடுக்காமல் அவளை அழைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தால்?

நர்சு பட்டை சுற்றிப் பார்த்திருப்பார். கொதிப்பு தெரிந்திருக்கும். கொதிப்பைக் குறைக்கும் மருந்தும், தேவையானால் மக்னீசிய ஊசியும் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இருப்பார்கள். அந்த நள்ளிரவு அலறல் கேட்டிருக்காது.

சரி, வலிப்பே வந்துவிட்டது. என்ன செய்வது? சாவிக் கொத்தைத் தேட வேண்டாம். அவளை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் துணியோ, கரண்டியோ, தண்ணீரோ எதையும் திணிக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். "கர்ப்பிணிக்கு வலிப்பு" என்று சொல்லுங்கள்.

பிள்ளை பிறந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகும் சில நாள்களில் வலிப்பு வரலாம். சில வாரங்கள் கழித்து வந்ததும் உண்டு. ஆறு வாரம் வரை கவனம் வேண்டும். இந்த நோய் வந்து பிழைத்த பெண்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகையால் ஆண்டுக்கு ஒரு முறை அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமியார்மார்களே! தாய்மார்களே! வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தால், "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறீர்கள். அதோடு, "மாத்திரை போட்டாயா?" என்றும் கேளுங்கள்.

கணவன்மார்களே! மாதா மாதம் பரிசோதனைக்கு மனைவியைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடப் போங்கள். அந்த எண்ணை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

கர்ப்பிணிப் பெண்களே! தலை வலித்தால், கண் மங்கினால், மேல் வயிறு வலித்தால், முகமும் கையும் திடீரென்று வீங்கினால், குழந்தையின் துடிப்பு குறைந்தால், "யாருக்குத் தொல்லை கொடுப்பது?" என்று சும்மா இருக்காதீர்கள். நள்ளிரவு ஆனாலும் எழுப்பிச் சொல்லுங்கள்.

வளையல் இறுகினால் அது பூரிப்பு அல்ல. உடம்பு அனுப்பும் தந்தியாக இருக்கலாம். அதைப் பிரித்துப் படிக்க வேண்டியது வீட்டில் உள்ள எல்லாருடைய கடமை!